எண்ணாத அன்பு

பறவைகளைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். குருகும் நாரையும் அன்றிலும் அன்னமும் இல்லாவிடின் நமது இலக்கியத்தின் ஒரு பகுதியே வெறுமையாகிவிடும். சத்திமுத்தப் புலவர் வறுமையாலும் குளிராலும் வாடி நின்ற வேளையில், வானிற் சென்ற நாரையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பினார். அப்பாடலின் அவலச் சுவையை நாம் பலகாலும் வியந்திருக்கிறோம். அதில் அடங்கிய இயற்கை உண்மையொன்றை அவ்வளவாகக் கவனித்ததில்லை. தென்கோடிக்கு வந்த பறவை மீண்டும் வடக்கே போகும் என்பது அப்புலவருக்குத் தெரிந்திருந்தது. வலசை என்பதை அவர் நூலிற் படிக்கவில்லை, வானிற் படித்தார்.

புலவருக்கு அவ்வளவு போதும். வந்த பறவைகள் எத்தனை, அவை எங்கே குஞ்சு பொரித்தன, சென்ற ஆண்டினும் இவ்வாண்டு குறைந்தனவா, குறைந்தால் ஏன் குறைந்தன என்ற வினாக்களுக்கு விடைகூற அவர் கடமைப்பட்டவரல்லர். பறவைகளைக் காக்கப் புறப்படுவோரோ கடமைப்பட்டவர்கள். தமிழில் ‘எண்ணுதல்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு; கணக்கிடுதல் ஒன்று, சிந்தித்தல் மற்றொன்று. பறவைகளைக் காக்கும் தொழிலில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதவை. கணக்கிடாதவன் சிந்திக்கவும் முடியாது. சிந்திக்காத அன்பு, தான் காக்க நினைத்ததையே அழித்துவிடவும் கூடும். இது வெறும் தத்துவமன்று. அயலகத்திலே, நமது காலத்திலே நடந்த நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்றாக நிற்கிறது.

இந்தியாவின் இராசஸ்தான் மாநிலத்தில் பரத்பூர் என்னும் ஊருக்கு அருகே கேவலாதேவ் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீற்றர். அது இயற்கை தானே அமைத்த ஏரியன்று. பள்ளமான நிலத்தில் அணையும் வாய்க்காலும் அமைத்து மனிதர் நீர் தேக்கிய இடம். பனிக்காலம் தொடங்கியதும் சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் காட்டுத்தாராக்கள் ஆயிரமாயிரமாக அங்கே வந்து இறங்கும். பரத்பூர் மன்னர்கள் அதனை வேட்டைக் களமாக்கினர். 1938 நவம்பர் 12ஆந் திகதி, அன்றைய இராசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபுவும் அவருடன் சென்ற துப்பாக்கிக்காரரும் ஒரே நாளிற் கொன்ற பறவைகள் 4,273. அந்த எண்ணிக்கையைக் கல்லிற் பொறித்து நாட்டினர். கொன்றதை எண்ணிய அந்நாளில் உயிரோடிருந்தவற்றை எண்ணுவார் இல்லை.

சுதந்திரத்தின் பின் அந்நிலத்தின் நீரை வடித்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பறவையியலறிஞர் சலீம் அலி பிரதமர் நேருவிடம் எடுத்துக்கூறி அதனைத் தடுத்தார். 1972க்குப் பின் வேட்டையும் நின்றது. 1981இல் அது உலகச் சதுப்பு நிலங்களின் பட்டியலிற் சேர்ந்தது. அதனையடுத்துத் தேசிய வனமாயிற்று. 1985இல் உலக மரபுரிமைச் சின்னமுமாயிற்று. இவ்வளவும் நல்லதே நடந்தது.

இனித்தான் கதையின் கசப்பான பகுதி. தேசிய வனம் என்றால் அங்கே மனிதன் கைவைக்கலாகாது, மாடு கால்வைக்கலாகாது என்பது அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்த கொள்கை. சுற்றுப்புறக் கிராமத்தவரின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அச்சதுப்பில் மேய்ந்து வந்தன. புல்லை அவை தின்பதாலும் நீரைக் கலக்குவதாலும் பறவைகளுக்குத் தீங்கு நேரும் என நிபுணர் நம்பினர். 1982 நவம்பரில் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. கிராமத்தவர் எதிர்த்தனர். பொலிசார் சுட்டனர், ஏழைக் குடியானவர் பலர் மாண்டனர். பறவைகளின் பெயரால் மனித இரத்தம் சிந்திற்று.

அந்தப் பலியாற் பறவைகளாயினும் பயனடைந்தனவா? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980இலிருந்து பத்தாண்டுக் காலம் அச்சதுப்பின் நீரையும் புல்லையும் மீனையும் பறவையையும் தொடர்ந்து ஆராய்ந்தனர். வீ. எஸ். விஜயன் தலைமையில் நடந்த அந்த ஆராய்ச்சியின் முடிவு, மேய்ச்சற் கொள்கையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. எருமைகள் போனபின், பாஸ்பாலம் எனப்படும் ஒருவகை நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்து திறந்த நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. தாராக்களுக்கு வேண்டியது ஆழமற்ற திறந்த நீர். அவற்றுட் பல தலையை நீருக்குள் அமிழ்த்தி, வாலை மேலே நிமிர்த்தி, அடியிலுள்ள விதையையும் கிழங்கையும் தேடியுண்ணும் இயல்பின. புல் மூடிய இடத்தில் அவை நீந்தவும் முடியாது, இரை தேடவும் முடியாது. இறந்த புல் அடியிலே மட்கித் தேங்கச் சதுப்பு மெல்ல மெல்ல மேடாயிற்று. மீன்களும் குறைந்தன. எருமை பறவையின் பகையன்று. சம்பளம் பெறாத தோட்டக்காரன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிராமத்துக் கிழவர் எவரேனும் இதை முன்பே சொல்லியிருக்கக் கூடும். அவரைக் கேட்பாரில்லை.

அந்த ஆராய்ச்சியாளரின் நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். இயற்கைப் பாதுகாப்பில் ஊறிய ஒரு கழகம், பாதுகாப்பாளரின் மனத்துக்கு உவந்த கொள்கை பிழையென்று தன் கணக்கைக் கொண்டே உரைத்தது. விஞ்ஞானத்தின் பெருமை புதியதைக் கண்டுபிடிப்பதில் மட்டுமன்று. நமக்குப் பிடித்த பொய்யைக் கைவிடும் துணிவைத் தருவதிலும் இருக்கிறது.

பரத்பூர் ஒரு விதிவிலக்கு என்று சிலர் கூறலாம். உலகின் மறுபுறத்திலிருந்து வேறொரு பறவை அதே பாடத்தைச் சொல்லுகிறது. நமது வயல்களுக்கு மழைக்காலத்தில் வரும் உள்ளானை நம்மவர் அறிவர். அதன் உறவுப் பறவை ‘வூட்கொக்’; காட்டுள்ளான் எனலாம். அதன் ஆசிய இனம் நமது மலைநாட்டில் மிக அரிதாகக் காணப்படுவது. அமெரிக்க இனமோ அந்நாட்டின் கிழக்குப் பகுதிகளில் வாழ்கிறது. நீண்ட அலகை ஈரமண்ணிற் செருகி மண்புழுவை இழுத்துண்ணும். தலையை மண்ணுக்குக் குனிந்திருக்கும்போதும் பின்னால் வரும் பகையைக் காணத்தக்கதாக அதன் கண்கள் தலையின் பின்புறமாக அமைந்திருக்கின்றன. வசந்தகால அந்தியில் ஆண்பறவை திறந்த வெளியொன்றில் நின்று மூக்கால் ஒலிப்பது போன்ற குரலெழுப்பும். பின்னர் வட்டமிட்டு வானிலேறி, சிறகொலியோடும் பாட்டோடும் கீழே இறங்கும்.

பகலில் இலைச்சருகோடு சருகாகக் கிடக்கும் இப்பறவையை எப்படி எண்ணுவது? ஆராய்ச்சியாளர் அதன் காதற் பாட்டையே கணக்கேடாக்கினர். 1968 முதல் ஒவ்வோராண்டும் வசந்தத்தில், அமெரிக்காவிலும் கனடாவிலும் வகுக்கப்பட்ட பாதைகளில் மாலை மங்கும் வேளையிற் சென்று, ஒவ்வொரு பாதையிலும் 10 இடங்களில் நின்று, இடத்துக்கு 2 நிமிடம் செவிசாய்த்துக் கேட்ட குரல்களைப் பதிந்து வருகின்றனர். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அக்கணக்கு, பறவை மெல்ல மெல்லக் குறைந்து வருவதைக் காட்டிற்று.

ஏன் குறைந்தது? வேட்டையாலா, காடழிப்பாலா என்றே எவரும் முதலிற் கேட்பர். ஆராய்ச்சி கூறிய முதற் காரணம் வேறு. இப்பறவைக்கு முதிர்ந்த பெருங்காடு ஆகாது. புதிதாய் முளைத்தெழும் இளங்காடும், கைவிடப்பட்ட வயலிற் படரும் புதரும், இடையிடையே வெட்டவெளியும் வேண்டும். கைவிட்ட வயல்கள் காடாகி, அக்காடும் முதிர்ந்து, காட்டுத்தீயும் அடக்கப்பட்டு, மரம் வெட்டுவதும் குறைந்தபின் அதன் வீடு பல இடங்களில் மறைந்துவிட்டது. கோடரி விழுந்ததால் வீடிழந்த பறவைகள் உலகில் எண்ணற்றவை. கோடரி விழாததால் வீடிழந்தது இப்பறவை. ஆதலால் இதனைக் காக்க முனைந்தோர் இன்று காட்டிற் சில பகுதிகளை முறையாக வெட்டிப் புதுத்தளிர் விடச் செய்கின்றனர். மரம் வெட்டுவது எப்போதும் பாவம் என்று கொண்டவருக்கு இது விளங்காது. ஒரு பறவையின் தேவை மற்றொன்றின் தேவையன்று. எதற்கு எது தேவை என்பதை அன்பு சொல்லாது, ஆராய்ச்சிதான் சொல்லும்.

தாராக்களின் கதை இன்னும் வியப்பானது. 1930களிற் கடும் வரட்சியால் வட அமெரிக்காவின் நடுச் சமவெளிகள் புழுதியாய்ப் பறந்தன. பழம்பனிப்பாறைகள் விட்டுச்சென்ற இலட்சக்கணக்கான சிறு குட்டைகளே அக்கண்டத்துத் தாராக்களின் தொட்டில். அவை வற்றத் தாராக்களும் அருகின. ‘டிங்’ டார்லிங் என்னும் கேலிச்சித்திரக்காரர் அப்போது அரசாங்க உயிரியற் பகுதிக்குத் தலைவராக அமர்த்தப்பட்டிருந்தார். 1934இல் ஒரு சட்டம் பிறந்தது. நீர்ப்பறவை வேட்டைக்குச் செல்வோர் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வாங்கவேண்டும். அப்பணம் சதுப்பு நிலங்களைக் காக்கச் செலவாகும். முதல் முத்திரையின் ஓவியத்தை டார்லிங்கே வரைந்தார். அன்று அதன் விலை 1 டொலர். இன்று 25 டொலர். அப்பணத்தால் இதுவரை 60 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் காக்கப்பட்டிருக்கிறது.

பணம் மட்டும் போதியிருக்குமா? போதாது. அதே காலத்தில் பிரெடரிக் லிங்கன் என்பார் பறவைகளின் காலில் இலக்கமிட்ட வளையம் பூட்டும் வேலையை நாடெங்கும் ஒழுங்குபடுத்தினார். வளையங்கள் மீண்டுவந்த இடங்களைக் குறித்துப் பார்த்தபோது, அக்கண்டத்து வலசை நான்கு பெருவழிகளில் நடைபெறுகிறது என்ற முடிவுக்கு வந்தார். வளையத்தைக் கொண்டு வானத்துப் பறவைகளை எண்ணும் உபாயத்தையும் அவர் விளக்கினார். உதாரணமாக 1,000 தாராக்களுக்கு வளையமிட்டு, அவ்வாண்டு வேடரிடமிருந்து 100 வளையங்கள் திரும்பினால், பத்திலொன்று கொல்லப்பட்டது என்று கொள்ளலாம். வேடர் கொன்ற மொத்தத் தொகையைப் பத்தாற் பெருக்கினால் இருந்த தாராக்களின் தொகை கிட்டும். வளையத்தை அனுப்பாத வேடரும் உளராதலால் இதிற் பிழை புகும். அப்பிழையை எவ்வாறு திருத்துவது என்பதும் பின்னர் ஒரு கலையாக வளர்ந்தது. 1955 முதல் ஆண்டுதோறும் மே மாதத்திற் சிறு விமானங்கள் தாழப்பறந்து தாராக்களையும் அவை தங்கும் குட்டைகளையும் எண்ணி வருகின்றன. அவ்வெண்ணிக்கையைப் பார்த்தே எத்தனை பறவை சுடலாம் என்று விதிக்கிறார்கள்.

இதன் பயன் 2019இல் வெளிவந்த ஓர் ஆய்விலே தெரிந்தது. 1970இலிருந்து அமெரிக்காவும் கனடாவும் இழந்த பறவைகள் ஏறக்குறைய 290 கோடி. புல்வெளிப் பறவைகளும் சிட்டுக்குருவிகளுங்கூடக் கூட்டங்கூட்டமாக மறைந்தன. ஆனால் தாராக்களும் பெருவாத்துக்களும் அதே காலத்தில் 56 சதவீதம் பெருகியிருந்தன. அண்மை ஆண்டுகளின் வரட்சியால் அவற்றிலும் ஒரு சரிவு தோன்றியிருப்பது உண்மை. ஆயினும் அச்சரிவு உடனே கண்ணிற் பட்டதும் எண்ணிக்கை இருந்ததனாலேதான்.

அறிந்தபின்னும் மனிதர் தாமதிப்பர் என்பதற்கும் இக்கதையில் ஒரு சான்றுண்டு. துப்பாக்கியிற் பறந்த ஈயக் குண்டுகள் சதுப்பின் அடியிற் படியும். பல்லில்லாத தாரா, இரையை அரைக்கச் சிறுகல்லை விழுங்கும்போது ஈயத்தையும் விழுங்கும். இரைப்பையில் அது அரைபட்டு நஞ்சாகும். இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த பிராங்க் பெல்ரோஸ் இதன் கொடுமையை விரிவாக ஆராய்ந்து 1959இல் வெளியிட்டார். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டு நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது 1991இல். அறிவுக்கும் ஆணைக்கும் இடையே 32 ஆண்டுகள்!

கொல்பவன் பணத்தாற் காப்பது என்ன அறம் என்று வாசகர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட மரபிலே வந்த நாம் வேட்டையைக் கொண்டாட வேண்டியதில்லை. அவர்கள் முறையை நாம் அப்படியே கொணரவும் வேண்டா. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. எந்த மனிதருடைய வாழ்வு அப்பறவையின் நிலத்தோடு பிணைந்திருக்கிறதோ, அவரை வெளியே தள்ளாமற் காவலிற் பங்காளியாக்கினர். அமெரிக்காவில் அவர் வேடர். பரத்பூரில் எருமை மேய்ப்பவர். நமது நாட்டில் கமக்காரரும் மாட்டுப்பட்டி வைத்திருப்போரும் களப்பு மீனவரும்.

இனி நமது வீட்டு வாயிலுக்கு வருவோம். ஐப்பசி மழை தொடங்கும் காலத்தில், நடு ஆசியப் பெருவழி எனப்படும் வான்பாதையின் தென்முனையாகிய நமது தீவுக்கு வட நாட்டுத் தாராக்கள் வருகின்றன. நீலச்சிறகுத் தாராவும் ஊசிவால் தாராவும் நாமத்தலைத் தாராவும் மன்னார், யாழ்ப்பாணக் கடலோரக் களப்புகளிலும் தரவைகளிலும் பனிக்காலத்தைக் கழித்துப் பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. மன்னார்ப் பெருநிலப் பகுதியிலுள்ள வங்காலை 2008இற் சரணாலயமாயிற்று. 2010இல் உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் இடம்பெற்றது. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான அவ்வுடன்படிக்கையின் முழுப்பெயரிலேயே நீர்ப்பறவைகளின் வாழிடம் என்ற சொற்றொடர் இருக்கிறது. தாராக்களை எண்ணியவர்களின் கவலையே உலகச் சதுப்பு நிலங்களுக்கு ஒரு சட்டத்தைத் தேடித் தந்தது எனலாம்.

வடபகுதியில் ஒழுங்கான நெடுங்கால ஆராய்ச்சிக்குப் போர் பெருந்தடையாய் இருந்தது. அத்தடை நீங்கியபின் நல்ல வேலைகள் தொடங்கியுள்ளன. கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மன்னாரிற் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பூட்டி, அவை வடதுருவக் கரையோரம் வரை செல்வதைக் கண்டனர். இத்தகைய முயற்சிகள் பெருகவேண்டும். மன்னார்த்தீவில் 2020இற் பெருங்காற்றாலைகள் எழுந்தன. மேலும் பல அமைக்க முற்பட்ட ஓர் இந்திய நிறுவனம், நீண்ட வழக்குக்கும் வாதத்துக்கும் பின் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும், தீவில் வாழும் மக்களின் நிலமும் நீரோட்டமும் பேணப்படவேண்டும். இம்மூன்றையும் நிறுக்கத் தராசு எது? எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எத்தனை பறவை, எந்த வழியாகப் பறக்கிறது என்ற பல்லாண்டுக் கணக்கே அத்தராசு. அது கையிலிருந்தால் உணர்ச்சிக்கும் ஊகத்துக்கும் இடம் சுருங்கும்.

ஆகவே மூன்று காரியங்களை நான் வேண்டுவேன். முதலாவது, சரணாலயம் என்ற பெயரால் வேலியிடுமுன், மாட்டையும் மனிதரையும் விலக்குமுன், அவர்கள் அங்கே இருப்பதால் விளைவது நன்மையா தீமையா என்று ஆராய்ந்தறிக. வங்காலையின் தரவையிற் கால்நடை மேய்கின்றது. மேய்ச்சல் அளவோடிருந்தால் நன்மையாகலாம், மிகுந்தால் தீமையாகலாம். எவ்வளவு என்பதை மேசையிலிருந்து தீர்மானித்தல் ஆகாது. இரண்டாவது, வடக்குக் கிழக்கிலுள்ள பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் ஆண்டுதோறும் தை மாதத்தில் தத்தம் அயலிலுள்ள குளத்தையும் களப்பையும் ஒரே முறையில் எண்ணிப் பதிவுசெய்க. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் இவ்வாறே தொண்டர்களைக் கொண்டு நடைபெறுகிறது. ஒரு தொலைநோக்கியும் ஒரு கொப்பியும் பொறுமையும் உள்ள ஆசிரியர் எவரும் இதிற் சேரலாம். மூன்றாவது, அக்கணக்கு தமிழிலும் வெளிவருக. மீனவருக்கும் கமக்காரருக்கும் விளங்காத மொழியில் எழுதிப் பூட்டிவைத்த அறிவு அவர்களை ஒருபோதும் பங்காளியாக்காது.

ஆராய்ச்சி முடியுமட்டும் கைகட்டியிருப்பதா என்று சிலர் கடிந்துரைக்கலாம். அப்படி நான் கூறவில்லை. வலையும் நஞ்சும் துப்பாக்கியும் இன்றே தடுக்கப்படவேண்டியவை. சதுப்பிற் குப்பை கொட்டுவதும் மண் நிரப்புவதும் இன்றே நிறுத்தப்படவேண்டியவை. அவை தீங்கென்று அறியப் பத்தாண்டு வேண்டா. ஆனால் ஏழையின் பிழைப்பில் கைவைக்கும் ஆணைக்குமுன் கணக்கு வேண்டும். பரத்பூரில் மாண்டவர்களை எந்த ஆராய்ச்சியும் மீட்டுத் தரவில்லை. பத்தாண்டுக்குப் பின் கிடைத்த உண்மை, பத்தாண்டுக்கு முன் ஓர் எருமை மேய்ப்பவனைக் கேட்டிருந்தாற் பாதியாவது கிடைத்திருக்கும்.

பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது. சைபீரியச் சதுப்பு ஒன்றில் முட்டையிலிருந்து வெளிவந்த நீலச்சிறகுத் தாரா, பல நாடுகளின் வானத்தைக் கடந்து வங்காலைச் சேற்றில் வந்து இரை தேடுகிறது. வழியிலுள்ள நாடெல்லாம் அதனைக் காத்து, இறுதியில் நாம் கைவிட்டால் எல்லாருடைய உழைப்பும் வீணாம். வந்த விருந்தை உபசரிப்பதில் தமிழர் பின்னின்றவரல்லர். இவ்விருந்துக்கு வேண்டியது இலையும் சோறுமன்று. திறந்த நீர், தீண்டப்படாத உறக்கம், தன்னை அறிந்த ஒரு மனிதக் கூட்டம். ஆண்டுதோறும் வருபவர் எத்தனை பேர் என்று எண்ணாத வீட்டில், ஓராண்டு எவரும் வராதொழிந்தால் அதனை உணர்வார் யார்?